கொடுத்தீர்களா? ஒப்படைத்தீர்களா?

பஸ் நிலையம். நல்ல வெயில். நல்ல கூட்டம்.

ஓர் அம்மாள் இடுப்பில் குழந்தையுடன் நிற்கிறாள். காலடியில் ஒரு பை. குழந்தை தண்ணீர் கேட்டு அழுகிறது. தண்ணீர்க் குழாய் அந்தக் கோடியில் இருக்கிறது.

பக்கத்துப் பெஞ்சியில் ஒரு பெரியவர். முன்பின் தெரியாதவர்.

"ஐயா, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. இதோ வந்திடுறேன்" என்கிறாள் அம்மாள்.

"சரிம்மா, போயிட்டு வா" என்கிறார் பெரியவர்.

அவள் போகிறாள். அந்த நேரம் பார்த்தா பெரியவரின் ஊர் பஸ் வர வேண்டும்? வந்துவிட்டது!

பெரியவர் எழுந்தார். பஸ்சைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஏன் உட்கார்ந்தார்? அவளுக்கு அவர் உறவா? இல்லை. கூலி பேசினாரா? இல்லை. ரசீது எழுதிக் கொடுத்தாரா? அதுவும் இல்லை.

"சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான்!

இந்தச் "சரி"க்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அந்தச் சொல், "ஒப்படைத்தல்."

சொல்லுக்குள் ஒரு சொல்

ஒப்படைத்தல் என்றால் கொடுத்தல்தானே என்று நீங்கள் கேட்கலாம்.

இல்லை. கொடுப்பது வேறு. ஒப்படைப்பது வேறு.

பிச்சைக்காரர் தட்டில் ஒரு ரூபாய் போடுகிறீர்கள். அது கொடுப்பது. அந்த ரூபாயை அவர் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது.

வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் தந்துவிட்டு ஊருக்குப் போகிறீர்கள். அது ஒப்படைப்பது. திரும்பி வந்ததும் சாவி உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், "சாவி எங்கே?" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. பதில் சொல்லுகிற கடமை அடுத்த வீட்டுக்காரருக்கு உண்டு.

"ஒப்படை" என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். முன்னால் "ஒப்பு" என்று நிற்கிறது அல்லவா?

ஒப்புதல் என்றால் சம்மதம். ஒப்புக்கொண்டார் என்றால் சம்மதித்தார். ஒப்பவில்லை என்றால் மனம் இசையவில்லை.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது "ஒப்புவித்தல்". நேராகப் பொருள் சொன்னால், "ஒப்பும்படி செய்தல்". அதாவது, வாங்குகிறவர் ஒப்புக்கொள்ளும்படி ஒன்றை அவர் பொறுப்பில் சேர்த்தல்.

ஆகவே, கொடுப்பதற்குக் கொடுக்கிறவர் மனம் இருந்தால் போதும். ஒப்படைப்பதற்கு இரண்டு மனம் வேண்டும். தருகிறவர் நம்ப வேண்டும். பெறுகிறவர் "சரி" சொல்ல வேண்டும்.

யாரும் இல்லாத பெஞ்சியில் பையை வைத்துவிட்டுப் போனால் அது ஒப்படைத்தல் ஆகாது. அது வைத்துவிட்டுப் போனதுதான்!

பாடம் ஒப்பித்தீர்களா?

பள்ளிக்கூடத்தில் படித்தபோது நாம் எல்லோரும் இந்தச் சொல்லுக்குப் பயந்தவர்கள்.

"வாய்ப்பாட்டை ஒப்பி!" என்பார் வாத்தியார். கால் நடுங்கும்.

ஒப்பித்தல் என்பது ஒப்புவித்தல் என்பதன் பேச்சு வடிவம்தான். பாடத்தை மனப்பாடமாகச் சொல்லுவதற்கு ஏன் இந்தப் பெயர் வந்தது?

வாத்தியார் நேற்று ஒரு பாடத்தை உங்கள் கையில் தந்தார். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். இரவு முழுவதும் அது உங்கள் பொறுப்பில் இருந்தது. காலையில் வந்து, ஓர் எழுத்து குறையாமல் அவரிடமே திரும்பச் சேர்க்கிறீர்கள்.

வழியில் தொலைத்துவிட்டால்? பிரம்படிதான்!

ஒரு பொருளைத் திருப்பித் தருவதற்கும், ஒரு பாடத்தைத் திருப்பிச் சொல்லுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

ஈ, தா, கொடு

பொருள் கைமாறுவதில் நம் முன்னோர்கள் மிகவும் கவனமாக இருந்தார்கள்.

தொல்காப்பியம் தமிழில் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கண நூல். அதில் கேட்டு வாங்குவதற்கு மூன்று சொற்கள் சொல்லப்பட்டு இருக்கின்றன. ஈ, தா, கொடு.

தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் "ஈ" என்று கேட்பார். சமமானவர் கேட்டால் "தா" என்பார். உயர்ந்தவர் கேட்டால் "கொடு" என்பார். இது தொல்காப்பியர் சொன்ன முறை.

இன்று இந்த வேற்றுமை வழக்கில் இல்லை. "ஈ" என்று யாரும் கேட்பது இல்லை. ஆனாலும், யார் யாருக்குத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல்லை மாற்றும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

மந்திரி பரிசு "வழங்குகிறார்." மக்கள் மந்திரியிடம் மனுவைச் "சமர்ப்பிக்கிறார்கள்." கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் "தாரை வார்க்கிறார்." கோவிலுக்குக் காணிக்கை "செலுத்துகிறோம்." துரோகி நண்பனைக் "காட்டிக் கொடுக்கிறான்."

எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கை மாறுகிறது. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியுமா? மந்திரி பரிசைக் காட்டிக் கொடுத்தார் என்று எழுதினால் என்ன ஆகும்!

பத்திரிகைச் செய்திகளையும் கவனித்துப் பாருங்கள். விபத்தில் இறந்தவரைப் பற்றிய செய்தி எப்படி முடியும்? "உடல் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று முடியும். "கொடுக்கப்பட்டது" என்று எழுதமாட்டார்கள்.

ஏன்? அந்த உடல் ஆஸ்பத்திரியின் சொத்து அல்ல. சில மணி நேரம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. உரியவர்கள் வந்தார்கள். பொறுப்பு கை மாறியது. துயரமான அந்த நேரத்திலும் சொல் தன் மரியாதையைக் காப்பாற்றுகிறது.

தம்பிக்கா? தம்பியிடமா?

இப்போது ஒரு சின்ன இலக்கணம். பயப்பட வேண்டாம். வீட்டில் தினமும் பேசுவதுதான்.

"தம்பிக்கு நூறு ரூபாய் கொடுத்தேன்."

"தம்பியிடம் நூறு ரூபாய் கொடுத்தேன்."

இரண்டும் ஒன்றா?

முதல் வாக்கியத்தில் நூறு ரூபாய் தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் சினிமாவுக்குப் போகலாம். பரோட்டா சாப்பிடலாம். அது அவன் பாடு.

இரண்டாவது வாக்கியத்தில் நூறு ரூபாய் தம்பியின் கையில்தான் இருக்கிறது. அவனுடையது அல்ல. மளிகைக் கடையில் கட்டுவதற்கோ, அம்மாவிடம் சேர்ப்பதற்கோ தரப்பட்ட பணம் அது. அவன் பரோட்டா சாப்பிட்டால் வீட்டில் சண்டை வரும்!

"க்கு" என்றால் அவருக்கு உரிமை. "இடம்" என்றால் அவர் கையில் பொறுப்பு.

இப்போது "ஒப்படை"யைப் பாருங்கள். அது எந்த உருபைத் தேடிப் போகிறது?

"சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தார்." "பணப்பையைப் போலீசாரிடம் ஒப்படைத்தார்." "குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்தாள்."

எல்லாம் "இடம்"தான்! "வீட்டுக்காரருக்கு ஒப்படைத்தார்" என்றால் காதில் இடிக்கிறது.

ஒப்படைத்த பொருளின் உரிமை மாறுவது இல்லை. பொறுப்புத்தான் மாறுகிறது. இதை நம் பேச்சே நமக்குச் சொல்லித் தருகிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பிழை இல்லாமல் பேசுகிறோம். ஆனால் இதன் மதிப்பு நமக்குத் தெரிவது, ஒரு வம்பு வந்த பிறகுதான்.

மருமகளின் நகை

கல்யாணம் முடிகிறது. பெண் புகுந்த வீட்டுக்கு வருகிறாள். கழுத்திலும் கையிலும் பிறந்த வீட்டு நகைகள்.

"இத்தனையையும் போட்டுக்கொண்டா வேலை செய்வாய்? கழற்றிக் கொடு. பீரோவில் வைக்கிறேன்" என்கிறார் மாமியார்.

மருமகள் கழற்றித் தருகிறாள். பல குடும்பங்களில் இது அன்போடு நடப்பதுதான். தவறு ஒன்றும் இல்லை.

ஆனால், பிறகு மனக்கசப்பு வந்துவிட்டால்? பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தால்? "என் நகை எங்கே?" என்று அவள் கேட்டால்?

"நீதானே கொடுத்தாய்!" என்று பதில் வரும்.

அவள் கொடுத்தாளா? ஒப்படைத்தாளா? மாமியாருக்கா? மாமியாரிடமா?

இந்தக் கேள்வி இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. 1985-ம் ஆண்டு ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பெரும்பான்மைத் தீர்ப்பு ஒன்றை அளித்தது. பெண்ணுக்கு என்று தரப்பட்ட நகையும் பொருளும், அதாவது அவளுடைய சீதனம், முழுக்க முழுக்க அவளுக்கே சொந்தம். அவள் புகுந்த வீட்டில் வாழ்வதாலேயே அது கணவனுக்கும் சேர்ந்த சொத்து ஆகிவிடாது. கணவனிடமோ மாமனார் மாமியாரிடமோ அவள் அதை ஒப்படைத்து, அவர்கள் திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். இதுதான் அந்தத் தீர்ப்பு.

நம்பிக்கை மோசடி என்ற குற்றத்துக்கு அடிப்படையே ஒப்படைப்புத்தான். ஒப்படைக்கப்பட்டதா என்பதைத்தான் கோர்ட்டு முதலில் பார்க்கும். 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 405-வது பிரிவாக இருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 316-வது பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதையும் மீறி யாராவது வாங்கிவிட்டால்? அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு அதற்கும் வழி சொல்லுகிறது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தால், கல்யாணம் ஆன மூன்று மாதத்துக்குள் அதைப் பெண்ணிடமே சேர்த்துவிட வேண்டும். அதுவரை அவளுடைய நன்மைக்காக அவள் சார்பில் வைத்திருப்பதாகத்தான் கணக்கு.

அதாவது, வாங்கியவர் கையில் இருந்தாலும் அது அவருடையது அல்ல!

பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாண வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுவார்கள்: "எங்க பொண்ணை உங்க கையில ஒப்படைச்சிருக்கோம். நல்லபடியா பார்த்துக்குங்க, சம்பந்தி."

பெண் ஒரு பொருள் அல்ல. அவளை ஒருவர் கொடுக்கவும் இன்னொருவர் வாங்கவும் முடியாது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாரை வார்த்தால் அதோடு முடிந்தது. தண்ணீர் கீழே விழுந்துவிட்டது. ஒப்படைத்தால் அப்படி இல்லை. "எங்கள் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று நாளைக்கு வந்து கேட்போம் என்று பொருள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பொருள்.

பெற்றோர்களே, நீங்கள் சொன்ன சொல்லை நீங்களே மறந்துவிடாதீர்கள். பெண் அழுதுகொண்டு வந்து நின்றால், "கட்டிக் கொடுத்தாச்சு, இனி அதுதான் உன் வீடு" என்று கதவைச் சாத்தாதீர்கள். நீங்கள் சொன்னது, "ஒப்படைத்திருக்கிறோம்" என்ற சொல்!

பசுவும் கன்றும்

நகை இருக்கட்டும். தினமும் நாம் எத்தனை பொருளை எத்தனை பேரிடம் ஒப்படைக்கிறோம்!

சலவைக்குத் துணி போடுகிறோம். தையற்காரரிடம் துணி தருகிறோம். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். ரேடியோவையும் மிக்சியையும் ரிப்பேருக்குத் தருகிறோம்.

இதற்கெல்லாம் 1872-ம் ஆண்டிலேயே சட்டம் எழுதி வைத்துவிட்டார்கள். அது இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

அதன் 148-வது பிரிவு ஒப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லுகிறது. ஒரு காரியத்துக்காக ஒரு பொருளை ஒருவரிடம் சேர்ப்பது; காரியம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது உரியவர் சொன்னபடி செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டோடு சேர்ப்பது. அதுதான் ஒப்படைப்பு.

எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்? 151-வது பிரிவு இதற்குப் பதில் சொல்லுகிறது. சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர் தம்முடைய சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

அவ்வளவு கவனமாக இருந்தும் பொருள் கெட்டுப்போனால் அவர் மேல் குற்றம் இல்லை.

காரியம் முடிந்ததும், கேட்பதற்கு முன்பே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 160-வது பிரிவு. "நீங்கள் வந்து கேட்கவில்லையே!" என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னும் ஒரு வேடிக்கை. 163-வது பிரிவில் சட்டமே ஒரு பசுவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒருவர் தம் பசுவை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறார். பசு அங்கே கன்று போடுகிறது. கன்று யாருக்கு?

பசுவோடு சேர்த்துக் கன்றையும் திருப்பித் தர வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் இதுதான் சட்டம்.

சரி, யாரும் ஒப்படைக்காமலே ஒரு பொருள் உங்கள் கைக்கு வந்தால்?

ஆட்டோவில் யாரோ விட்டுவிட்டுப் போன பையை டிரைவர் எடுத்து வைக்கிறார். அவரிடம் யாரும் "பார்த்துக்கொள்" என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டதும், ஒப்படைக்கப்பட்டவருக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் வந்துவிடுகிறது. இது 71-வது பிரிவு. பஸ் நிலையத்துப் பெரியவர் வாயால் சொன்ன "சரி"யை ஆட்டோ டிரைவர் கையால் சொல்லிவிட்டார்!

எட்டு ஆண்டு ஒப்படைப்பு

மனிதருக்கு மனிதர் ஒப்படைப்பது இருக்கட்டும். ஓர் ஊரையே ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்தது உண்டு. வேறு எங்கும் இல்லை, நம் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிதான்!

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தபோது புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவுடன் இணையலாம் என்று 170 பேர் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்கள் 8 பேர்.

அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆனால், சட்டப்படி ஊர் இந்தியாவுக்குச் சொந்தம் ஆகிவிட்டதா? இல்லை! அதற்கான உடன்படிக்கை 1956-ம் ஆண்டு மே 28-ந் தேதி கையெழுத்தானது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்து, சட்டப்படி மாறியது 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதிதான்.

ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நிர்வாகம் இந்தியாவிடம். சட்ட உரிமை மட்டும் பிரான்சுக்கு. "இடம்" ஒரு நாளில் வந்துவிட்டது. "க்கு" வருவதற்கு எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது!

அதனால்தான் இந்த இரண்டு நாளையும் புதுச்சேரியில் தனித்தனியாக நினைவு கூருகிறார்கள்.

உயிரைவிட்ட மாதரி

ஒப்படைக்கப்பட்டதைக் காப்பாற்ற முடியாமல் போனால்?

சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதற்கு ஒரு பெண் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் பெயர் மாதரி. மதுரையில் பால், மோர் விற்கும் இடையர் குலத்துப் பெண். சிலப்பதிகாரத்தில் வருகிறாள்.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள். ஊர் புதிது. தங்க இடம் இல்லை. கூட வந்த கவுந்தி அடிகள் என்ற துறவி, வழியில் மாதரியைப் பார்க்கிறார். இவள் நல்லவள் என்று கண்டுகொள்கிறார். கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார்.

சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்குப் பெயரே அடைக்கலக் காதை!

மாதரி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாள். வீடு கொடுத்தாள். சமையலுக்கு வேண்டியதைக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைத்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சிலம்பு விற்கப் போன கோவலன் கொலையுண்டான். கண்ணகி நீதி கேட்டாள். மதுரை எரிந்தது. கண்ணகி மதுரையை விட்டே போய்விட்டாள்.

மாதரி என்ன ஆனாள்? கதையின் பின்பகுதியில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்பவன் சொல்லுகிறான். அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று மனம் உடைந்த மாதரி, தீயில் விழுந்து இறந்துவிட்டாள்.

அவள் மேல் என்ன குற்றம்? ஒன்றும் இல்லை. கொலை செய்தவள் அவள் அல்ல. பழி சுமத்தியவள் அவள் அல்ல. இந்தக் காலத்துச் சட்டம் அவளை முதல் நாளே விடுதலை செய்துவிடும். உயிரை விட்டிருக்கவே வேண்டியது இல்லை.

ஆனால் "சரி" என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தை அவளை விடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு பிரதி

சோகக் கதையோடு நிறுத்த வேண்டாம். ஒப்படைத்தது பல மடங்காகப் பெருகித் திரும்பிய கதையும் நம்மிடம் இருக்கிறது.

1880-ம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் ஓர் இளம் தமிழாசிரியர். அவர்தான் உ. வே. சாமிநாதையர். அதே ஊரில் முன்சீப்பாக இருந்தவர் சேலம் இராமசாமி முதலியார்.

இருவரும் சந்தித்தார்கள். "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் படித்த நூல்களை எல்லாம் சொன்னார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. பழைய காப்பியங்களைப் படித்தது உண்டா என்று கேட்டார்.

பிறகு, சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றை ஐயரிடம் சேர்த்தார்.

ஐயர் படித்தார். புரியாத இடம் எத்தனையோ! ஊர் ஊராகப் போய் வேறு ஏடுகளைத் தேடினார். ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழு ஆண்டு உழைத்தார். 1887-ம் ஆண்டு சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அதோடு ஐயர் நிற்கவில்லை. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக அச்சேறின.

முதலியார் கை மாற்றியது ஒரு பிரதி. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது ஓர் இலக்கியப் புதையல். பசுவோடு கன்றையும் திருப்பித் தருவது என்றால் இதுதான்!

இன்று நாம் மாதரியின் கதையைச் சிலப்பதிகாரப் புத்தகத்தில் படிக்கிறோம். அதற்கும் அந்தக் கும்பகோணத்துச் சந்திப்புக்கும் தொடர்பு இருக்கிறது, பார்த்தீர்களா?

எழுதும்போது கவனம்

புதிதாக எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு.

ஒப்படைக்கிறேன், ஒப்படைத்தேன், ஒப்படைப்பேன் என்று எழுத வேண்டும். "ஒப்படைந்தேன்" என்று எழுதினால் தவறு. பெயர்ச் சொல், "ஒப்படைப்பு".

இலங்கைத் தமிழர்கள் இதே பொருளில் "கையளித்தல்" என்ற சொல்லை மிகுதியாக எழுதுகிறார்கள். "கடிதம் அமைச்சரிடம் கையளிக்கப்பட்டது" என்று அங்கே பத்திரிகைகளில் பார்க்கலாம். அதுவும் நல்ல தமிழ்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தாளில் என்ன சொல் இருக்கிறது என்று எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுங்கள்.

"கொடுத்துவிட்டேன்" என்று இருக்கிறதா? "ஒப்படைத்திருக்கிறேன்" என்று இருக்கிறதா? யாருக்கு? யாரிடம்? திரும்ப வர வேண்டிய பொருள் என்றால், என்ன பொருள், எத்தனை, எந்தத் தேதி, எப்போது திரும்பும் என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர் ஆனாலும் சரிதான். எழுதி வாங்குவது சந்தேகப்படுவது ஆகாது. நாளைக்கு இரண்டு பேருக்கும் நினைவு தவறாமல் இருப்பதற்குத்தான் எழுத்து.

எழுதாத வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். அதில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம்!

அம்மாள் வந்துவிட்டாள்

பஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போவோமா?

அதோ, அந்த அம்மாள் வருகிறாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. பை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

"ரொம்ப நேரமாயிடுச்சு, ஐயா. குழாயில ஒரே கூட்டம். உங்க பஸ் இன்னும் வரலையா?" என்று கேட்கிறாள்.

"வரும், வரும்" என்கிறார் பெரியவர்.

பையை எடுத்து அவளிடம் தருகிறார். "எல்லாம் இருக்கான்னு பார்த்துக்கம்மா."

அவள் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.